பெயர்ப்பலகை இல்லாத கடைகள்

அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாளாகியும் அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு மாமா புறப்பட்டார். அம்மாவின் தம்பி. கண்டியில் தமக்குத் தெரியாத சந்தே இல்லை என்று ஹேவாஹெட்டவில் பஸ் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். நோயாளிகளைப் பார்க்க நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் விடுவார்கள் என்று அப்பா இரண்டு தடவை சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியது முதல் எனக்கு அந்த ஐந்து மணிப் பயம்தான்.

மாமாவுக்கோ அவசரமே இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டல்களை எல்லாம் தாண்டிப்போய், மாட்டுவண்டிக்காரர்கள் குந்தியிருந்த ஒரு தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார். பெயர் இல்லை; வாசலில் ஒரு வாழைக்குலை தொங்கியது. அந்தக் கருவாட்டுக் குழம்பைப் போல ஒன்றைப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. அன்றைக்கு அதைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

"போர்டு இருக்குற கடைக்கே போயிருக்கலாம் மாமா."

"போர்டு மாட்டுனவன் போர்டுக்குத்தான் மெனக்கெடுவான். வண்டிக்காரங்க சாப்புடுற எடத்துலதான் சோறு நல்லாருக்கும்."

தங்குவதற்கும் அப்படித்தான். ஒரு வளையல்காரரிடம் கேட்டு, கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு முஸ்லிம் அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தார். "ஆஸ்பத்திரிக்கு வார சனம்தான் இங்க தங்குற. புள்ள பயப்படத் தேவல்ல" என்று அந்த அம்மா எனக்கு ஒரு துண்டு கருப்பட்டி தந்தார். அடுத்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டுக் கடையொன்றில் என் அம்மாவுக்குக் கம்பளி. அதைத் தடவித் தடவிப் பார்த்து அவர் வாங்கி முடிக்கையில் கடைக் கடிகாரம் நாலரையைக் காட்டியது. எனக்கு அழுகை முட்டியது.

ஆஸ்பத்திரியில் நீண்ட நடைவழி. கதவுக்குக் கதவு பலகை. அப்பா வார்டின் பெயரை எழுதிக் கொடுத்திருந்த துண்டை மாமா என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, இது எந்தக் கதவுல இருக்குன்னு வாசி, பாப்போம்."

"நீங்களே வாசிங்க."

அவர் ஏசவில்லை. ஒவ்வொரு கதவாக உள்ளே எட்டிப் பார்த்தார். ஆண்கள் வார்டில் ஒருவர் சிங்களத்தில் சத்தம் போட்டு விரட்டினார். எனக்குப் பயம், ஆனாலும் பலகைகளை வாசித்துச் சொல்லவில்லை. கடைசியில், தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் துண்டைக் காட்டினார். அவள் கை நீட்டிய கதவுக்குள் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏன்டா தம்பி இவ்வளவு நேரம்? வரமாட்டீங்கன்னே நெனச்சேன்."

மாமா கம்பளியை அம்மாவின் காலில் போர்த்தினார். "வேடிக்கை பாத்துக்கிட்டே நின்னுட்டேன்க்கா. தப்பு என்னோடதுதான்."

அம்மாவின் கையை நான் பிடித்த மாத்திரத்தில் மணி அடித்துவிட்டார்கள். மாமா தம் தப்பை ஒத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

மறுநாள் மூன்றரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். "இன்னைக்கு வாசிக்கிறியா பாப்பா?" என்று மெல்லக் கேட்டார். என் கோபம் தீர்ந்திருந்தது. கதவுக்குக் கதவு நின்று உரக்க வாசித்தேன். மாமாவுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது என்பது நான் வளர்ந்த பிறகு தெரிந்த சங்கதி. அன்று அவர் ஒவ்வொரு பலகையையும் நிமிர்ந்து பார்த்து, நான் சொன்னதைத் தமக்குள் ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் சரியாக வாசிக்கிறேனா என்று பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.