பதினொரு முகங்களுக்குக் கீழே

ஓர் இணையத்தளத்துக்கு ரிப்பன் வெட்டியதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். கல்முனையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு நலன்புரிச் சங்கத்தின் மண்டபத்தில் அது நடந்தது. பரிசுப் பொருளைக் கட்டுவதுபோல மடிக்கணினியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். தலைவர் ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லி வெட்டினார். நாடாவோடு சேர்த்து சார்ஜர் வயரையும் வெட்டிவிடப் போகிறாரே என்று பெண்கள் பக்கத்தில் இருந்த நான் பயந்துகொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வெட்டியிருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

நல்ல காரியத்துக்காகத்தான் அதைத் தொடங்கினார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து கண் டொக்டர் ஒருவர் வந்து சங்கத்தின் சிறிய மருத்துவ நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார். லேசர் இயந்திரமும் அங்கே இருக்கிறது. நாற்பது பேருக்குத்தான் நேரம். முன்பு விடியற்காலையில் சுபஹ் தொழுத கையோடு கேற்றடியில் சனம் வந்து நிற்கும். ஒருமுறை நெரிசலில் வயதான பெண் ஒருவர் விழுந்து கை முறிந்துபோனது. அதற்குப் பிறகுதான் இலக்கங்களை இணையத்தில் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். கிளினிக் நடக்கும் அதே சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு, அடுத்த மாதத்துக்கான இலக்கங்கள் திறக்கும். வீட்டில் இருந்துகொண்டே போனில் எடுக்கலாம், யாரும் வெயிலில் காயத் தேவையில்லை என்று ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள்.

என் தொழிலே இணையத்தளங்களைப் பரிசோதிப்பதுதான். வீட்டின் ஓர் அறையில் இருந்தபடி வெளிநாட்டுக் கடைகளின் தளங்களைத் திறந்து, எது தாமதிக்கிறது, ஏன் தாமதிக்கிறது, எதை முதலில் திருத்த வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அங்கே சப்பாத்து வாங்க வந்தவர் மூன்று வினாடி காத்திருந்தால் முதலாளிக்கு நித்திரை வராது. அவர்களுக்காக வருடக்கணக்கில் உழைத்த நான், என் ஊர்த் தளத்தை ஒரு நாளாவது திறந்து பார்த்ததில்லை. நான் கோபித்துக்கொண்டு எழுதும் இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"மகள், நம்மட சைட்டு சுத்துது சுத்துது எண்டு சனம் ஒரே முறைப்பாடு. ஒருக்காப் பாத்து என்ன பிழை எண்டு எழுதித் தாங்க. அல்லாஹ்வுக்காக."

ஓம் என்றேன். நல்ல போனில், நல்ல வை-ஃபையில் ஒரு தளத்தைப் பரிசோதிப்பது, வயிறு முட்டச் சாப்பிட்டவரிடம் பசி எப்படி என்று கேட்பது மாதிரி. அதனால் அலுமாரிக்குள் கிடந்த பழைய மலிவு போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிளினிக்குக்கு முந்திய நாள் என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் போகும் வழியில், வயல்கள் தொடங்குகிற இடத்தில் அவர் வீடு. அவர் கணவர், என் மச்சானுக்கு அங்கே நெல் வேளாண்மை. சிக்னல் அங்கே ஒரு கோடு வரும், உடனே போய்விடும். எனக்கு வேண்டியதும் அந்த மாதிரி ஒரு இடம்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன் நான் முற்றத்துக்கு வந்தபோது, ராத்தா எனக்கு முன்பே கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். போனை வலது கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒட்டியே பிடித்திருந்தார்.

"என்ன ராத்தா செய்யிறீங்க?"

"கண் கிளினிக்குக்கு நம்பர் எடுக்கப் போறன் புள்ள. மூணு மாசமா எடுக்கிறன், கிடைக்குதில்ல."

ராத்தாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது எனக்குத் தெரியும். கண்ணுக்கு ஏறியது தெரியாது. இடது கண்ணில் புகை மூட்டமாகத்தான் தெரிகிறது, வலதிலும் தொடங்கிவிட்டது, சுணங்காமல் லேசர் பிடிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்த திகதி வெகு தொலைவில் இருந்தது. அதனால் சங்கத்தின் கிளினிக்கை நம்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் எனக்கிட்டச் செல்லல்ல?"

"நீ வெள்ளக்காரனுக்கு வேல செய்யிற புள்ள. உனக்கு ஏன் இந்தக் கரச்சல்?"

எட்டு மணிக்கு இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். நான் நேரம் குறித்தேன். முதலில் பச்சை நிறப் பட்டை வந்தது. பிறகு ஹாஜியாரின் நெற்றி வந்தது. அவருடைய முகம் முழுவதும் இறங்கி முடிய ஒரு பிளேன்டித் தேநீரை ஆற்றிக் குடித்துவிடலாம். அவருக்குப் பின்னால் செயலாளர், பொருளாளர், உபதலைவர் என்று அவரோடு சேர்த்துப் பதினொரு பேர். கமராவிலிருந்து எடுத்த படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு அடித்து ஒட்டலாம், அவ்வளவு பெரிய படங்கள். அதற்குள் ரிப்பன் வெட்டிய வீடியோ யாரும் கேட்காமலே ஓடத் தொடங்கி, ராத்தாவின் டேட்டாவைக் குடித்தது. இலக்கம் எடுக்கும் பட்டன் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது.

அதிலும் ஒரு கூத்து. பட்டன் கண்ணில் பட்டதும் ராத்தா விரலைக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துப் பிந்தி வந்த ஒரு படம் மேலே இறங்கி, பக்கம் முழுவதையும் கீழே தள்ளிவிட்டது. விரல் போய் விழுந்தது, "தலைவரின் வாழ்த்துச் செய்தி" என்ற இடத்தில். அது தனிப் பக்கமாகத் திறந்தது. ராத்தா பொறுமையாக அதை வாசிக்கத் தொடங்கினார்.

"அத ஏன் ராத்தா வாசிக்கிறீங்க?"

"வாசிச்சு முடிச்சாத்தானே நம்பர் தருவாங்க? நான் மூணு மாசமும் ஒரு எழுத்து விடாம வாசிச்சன் புள்ள. நல்லாத்தான் எழுதியிரிக்காரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தொழிலில் இந்தப் பிழையை நூறு தரம் கண்டிருக்கிறேன். பக்கம் குதிக்கிறது, விரல் தவறுகிறது, ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போவேன். பார்வை போகிற கண்ணால் ஒரு மனுசி ஹாஜியாரின் புகழுரையை மூன்று மாதம் கூர்ந்து வாசித்திருக்கிறார் என்று எந்தக் கருவியும் எனக்குக் காட்டியதில்லை. என் பழைய போன் இன்னும் படங்களிலேயே நின்றது; ராத்தாவின் போனில் திரும்பி வந்து பட்டனை அமர்த்தியபோது இலக்கங்கள் தீர்ந்துபோயிருந்தன. அந்த மாதமும் போனது.

அன்றே கல்முனைக்குத் திரும்பி அறிக்கையை எழுதினேன். ஒன்பது திருத்தங்கள். வரிசைப்படுத்தும்போது நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். இது எத்தனை பேரைத் தடுக்கிறது? இதைத் திருத்த எவ்வளவு வேலை? அதிகம் பேரைத் தடுப்பதும் குறைந்த வேலையில் முடிவதும் முதலில் வரும். அப்படிப் பார்த்தால் முதலாவது, முன்பக்கத்திலிருந்து படங்களையும் வீடியோவையும் எடுப்பது. இரண்டாவது, பட்டனைத் தலைப்புக்குக் கீழே அசையாத இடத்தில் வைப்பது. மூன்றாவது, வாழ்த்துச் செய்திக்கான இணைப்பை முன்பக்கத்திலிருந்து எடுப்பது. மூன்றும் சேர்த்து அரை மணித்தியால வேலை. மற்ற ஆறும் நிறம், எழுத்துரு என்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் யாரும் சாகமாட்டார்கள் என்ற வகை.

அடுத்த வாரம் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கக் காரியாலயத்தில் கூட்டம். பதினொரு முகங்களும் நேரில் வந்திருந்தன. பெட்டிஸும் பிளேன்டியும் சுற்றின. ஹாஜியார் தன் போனை எடுத்துத் தளத்தைத் திறந்தார். கண்ணிமைப்பதற்குள் திறந்தது.

"இஞ்ச பாருங்க மகள், பட்டுண்டு வருதே!"

"ஹாஜியார், உங்கட போன் இந்தப் படத்தயெல்லாம் எப்பவோ இறக்கி வெச்சிரிக்கி. உங்களுக்கு அது சுத்தாது."

அவர் சிரித்தார். பிறகு அறிக்கையைக் கடைசியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஒன்பதாவதைச் செய்யலாம். எட்டாவது மிகவும் நல்ல யோசனை. ஏழாவதுக்கு மாஷா அல்லாஹ். இப்படியே நான்காவது வரை வந்து நின்றார்கள். மேலே இருந்த மூன்றும் கண்ணில் படாதது மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படத்தக் கழட்டினா வெளிநாட்டில இரிக்கிற நம்மட ஆக்களுக்கு யாரு இதச் செய்யிற எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் பொருளாளர். உழைத்தவர்களைக் கௌரவிக்க வேண்டும்தானே என்றார் இன்னொருவர். ஓரத்தில் இருந்த ஆலோசகர், தன்னுடைய படம் இன்னும் ஏறவில்லை, திருத்துகிற கையோடு அதையும் ஏற்றிவிடலாமே என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

பழைய போனை எடுத்து மேசையில் வைத்தேன். முன்பு இறங்கிய படங்களை அழித்து, வை-ஃபையை நிறுத்தி, வேகத்தை ராத்தாவின் முற்றத்தில் இருந்த அளவுக்குக் குறைத்திருந்தேன்.

"இதுல ஆராவது ஒரு நம்பர் எடுத்துக் காட்டுங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஹாஜியாரின் நெற்றி வந்தது, பிறகு புருவம். பொருளாளர் இரண்டாவது பெட்டிஸையும் முடித்துவிட்டார். அப்போதும் ஹாஜியாருக்கு மூக்கு வரவில்லை.

"போன் பழுதாக்கும்" என்றார் ஆலோசகர்.

"போன் பழுதில்ல!" என்று கத்திவிட்டேன். அந்தக் காரியாலயத்தில் ஒரு பெண் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "என்ட ராத்தாட கண்ணுதான் பழுது. மூணு மாசமா உங்கட முகத்தயெல்லாம் பாத்துப் பாத்தே நம்பர் இல்லாமப் போயிரிக்கி!" எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்த்துச் செய்தியை வாசித்ததையும் சொன்னேன்.

ஹாஜியாரின் முகம் உண்மையாகவே வாடிப்போனது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மகள், உங்கட ராத்தாவா? முதலே ஒரு வார்த்த செல்லியிருந்தா நான் நம்பர் தந்திருப்பனே!"

மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நாற்பதில் முப்பதைத்தான் தளத்தில் போடுகிறார்களாம். மிச்சம் பத்தும் அவசரத்துக்கு, தெரிந்தவர்களுக்கு என்று லாச்சிக்குள் இருக்குமாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஊரில் எல்லாம் அப்படித்தானே நடக்கிறது என்ற மாதிரித்தான் சொன்னார். ஒரு அட்டையின் பின்பக்கத்தில் ராத்தாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் நீட்டினார்.

அந்த அட்டையை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாங்கிக்கொண்டேன். கைப்பையின் உள்ளறையில் பத்திரமாக வைத்து ஸிப்பையும் இழுத்தேன்.

"அப்ப மகள், அந்த முதல் மூணு விசயத்தயும் ஆறுதலாப் பாப்பம், என்ன?"

"ஓம் ஹாஜியார்" என்றேன்.

யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. நான், 'இல்லை, முதலில் அதைத்தான் செய்ய வேண்டும், லாச்சிக்குள் இருப்பதையும் வெளியில் போடுங்கள்' என்று சொல்லியிருந்தாலும் அவர் அட்டையைத் திருப்பிக் கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டுவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தில் என் தொழில், என் கோபம், மேசையில் வைத்த போன் எல்லாம் ஒடுங்கிப்போயின. வீதிக்கு வந்த பிறகு என்னை நானே அறைய வேண்டும் போல இருந்தது.

அடுத்த மாதச் சனிக்கிழமை ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். லேசர் பிடித்தார்கள். வலது கண் இனித் தப்பும் என்றார் டொக்டர். இடது கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் அதையும் பிடித்திருக்கலாம் என்றார். ராத்தா கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்து, "அல்லாஹ் அந்த ஹாஜியாருக்கு பரக்கத் செய்யட்டும்" என்று கையேந்தினார். எனக்கு ஆமீன் சொல்ல வாய் வரவில்லை.

கேற்றடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். பொத்துவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவராம். யாராவது வராமல் விட்டால் அந்த இலக்கத்தில் தன்னைப் பார்ப்பார்களா என்று கேட்க வந்திருக்கிறார். காவலாளி உள்ளே விடவில்லை. ராத்தாவின் கண்ணாடியைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"நீங்க எப்பிடி நம்பர் எடுத்தீங்க?"

"இவ என்ட தங்கச்சி. கம்பியூட்டர் படிச்சவ. இவதான் எடுத்துத் தந்த" என்றார் ராத்தா, பெருமையாக.

அந்தப் பெண் உடனே தன் போனை என் கையில் திணித்தார். "எனக்கும் ஒருக்கா எடுத்துத் தாங்க புள்ள. எட்டு மணியிலருந்து அமத்துறன், சுத்திக்கிட்டே இரிக்கி."

அப்போது பத்து மணி தாண்டியிருந்தது. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அமர்த்தினேன். மூன்று பேரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொரு பேரும் வந்தார்கள். பன்னிரண்டாவதாக ஆலோசகரும் வந்தார். கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

"என்ன எழுதியிரிக்கி புள்ள? எனக்கு எழுத்துத் தெரியுதில்ல, வாசிச்சுச் செல்லுங்க."

வாசித்துச் சொன்னேன். "அடுத்த மாத இலக்கங்கள் அனைத்தும் வழங்கப்பட்டுவிட்டன. தங்கள் வருகைக்கு நன்றி."