மார்கழியில் மாற்றிய கியர் ராடு

இடது தோள் இறுகிப்போன ஆண்டில்தான் எங்கள் காரை இரண்டு பேர் சேர்ந்து ஓட்டத் தொடங்கினோம். ஸ்டியரிங்கும் கால்மிதிகளும் என் பொறுப்பு. கியர் என் நண்பரின் பொறுப்பு. கேட்டவர்கள் சிரித்தார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஏதும் இருந்ததில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இவ்வாறு இறுகுவது உண்டு என்று மருத்துவர் சொன்னார். கையைத் தொங்கவிட்டிருக்கும்வரை வலி தெரியாது. முன்னே நீட்டினால் தோளின் உள்ளே கத்தி திரும்புவதுபோல் இருக்கும். எங்களுடையது நான்கு கியர் கொண்ட பழைய சிறிய கார். அதில் முதல் கியரையும் மூன்றாம் கியரையும் முன்னே தள்ளிப் போட வேண்டும். முதல் கியர் இன்னும் மோசம். ஓட்டுகிறவனிடமிருந்து விலகி, இடப்பக்க மூலைக்குள் போய் விழ வேண்டும். அந்த மூலையை என் கை எட்டவில்லை.

கார் எதற்கு என்றால், மார்கழிக்கு. ஆண்டர்சன்பேட்டையில் என் வீடு. ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு ஒன்றில் என் நண்பர் இருந்தார். ஊருக்கு வெளியே மேட்டின்மேல் பெருமாள் கோயில். விடியலுக்கு முன் அங்கே பாசுரம் ஓதும் கோஷ்டியில் நாங்கள் இருவரும் பல்லாண்டுகளாக நின்றிருக்கிறோம். முதல் அடியை ஒரு வரிசை தொடங்க, அடுத்த அடியை எதிர்வரிசை ஏற்கும். நான் தொடங்கும் பக்கம். அவர் ஏற்கும் பக்கம். அவர் இளமையில் சுரங்கத்துக்குள் பாறை துளைத்தவர். பிற்பாடு மேலே வந்து, ஆட்களைக் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சினை இயக்கினார். அந்தப் பாறைத் தூசி அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மேடு ஏறி நடக்க அவரால் முடியாது. ஆட்டோவில் வரலாமே என்றால், திறந்த பக்கங்களில் அடிக்கும் பனிக்காற்று ஒரு நாள் பட்டால் ஒரு வாரம் படுக்க வேண்டியிருக்கும். கண்ணாடி ஏற்றிய கார் ஒன்றுதான் அவரைப் பெருமாளின் முன் கொண்டு நிறுத்தியது.

தோள் இறுகிய முதல் வாரம், அவரிடம் என் நிலையைச் சொல்லி, இனி வர முடியாது போலிருக்கிறது என்றேன். அவர் காரின் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வலக்கையைக் கியர் ராடின்மேல் வைத்துப் பார்த்தார்.

"இது இன்னா பெரிய விஷயம் சாமி? ஆளுங்கள வெச்சிகினு பாதாளத்துக்கு இறக்கின கை இது. நீங்க கிளட்ச்ச மிதிங்க, நான் போடறேன்."

"எந்த கியர்னு நான் சொல்லிக்கிட்டே வரணுமே அண்ணே."

"வாயால சொல்லாதீங்க. தட்டுங்க. பேச்ச நம்பி நான் கேஜ நகத்தினதே கெடையாது. மணி அடிச்சாதான் கை போவும்."

அப்படியே வகுத்துக்கொண்டோம். ஸ்டியரிங்கில் மோதிர விரலால் ஒருமுறை தட்டினால் அடுத்த கியர். இருமுறை தட்டினால் கீழ்க் கியர். இதனால் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. வாய்க்கு வேலை இல்லாததால் காரிலேயே பாசுரத்தைத் தொடங்கிவிட முடிந்தது. நான் ஓர் அடி சொல்லித் தட்டுவேன். அவர் கியரை மாற்றிக்கொண்டே அடுத்த அடியை ஏற்பார். ஓதுவது எந்த வளைவிலும் நின்றதில்லை. அந்தக் காலை வேளைகளைப்போல் மனம் ஒன்றி நான் கோயிலுக்குள்ளும் ஓதியதாக நினைவில்லை.

என் மகன் பெங்களூரில் வேலை பார்த்துவந்தான். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊர் முழுவதும் இருந்த அந்த மார்கழியின் தொடக்கத்தில், விடுமுறைக்கு வந்தவன் எங்களுடன் கோயிலுக்குப் புறப்பட்டான். பின் இருக்கையில் அமர்ந்து நாங்கள் ஓட்டுவதைப் பார்த்தான். திரும்பி வந்து, நண்பரை வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அப்பா, இது டிரைவிங்கா? ஒருத்தர் கால், இன்னொருத்தர் கை. எதிர்ல ஒரு லாரி வந்தா தட்டிக்கிட்டு இருப்பீங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலியே."

"ஆகிட்டா? பெரியப்பா உக்காந்திருக்கிற சைடுதானே போய் மோதும்?"

என் நண்பரைப் பெரியப்பா என்றே அவன் அழைப்பான். சற்று நேரம் கழித்து அவனே தணிந்தான். நானே தனியாகக் கியர் போட்டு ஓட்ட முடிந்தால் கார் என்னிடம் இருக்கட்டும் என்றான். முடியாதென்றால் அதைப் பெங்களூருக்கு எடுத்துப்போய்விடுவதாகச் சொன்னான். அவன் சொன்னது நியாயமாகவே இருந்தது. ஆனால் கார் போய்விட்டால் நண்பருக்கு அந்த மார்கழியில் பெருமாள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்துடன் வந்தான். பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த தெருவில் வாங்கியதாம். பெயரோ குறிப்புத் தாளோ இல்லாத மலிவான சரக்கு. பளபளவென்று முலாம் பூசிய குட்டையான கியர் ராடு. தலையில் எண்கள் பொறித்த கறுப்புக் குமிழ். "ஷார்ட் ஷிஃப்டர்" என்றான். இதைப் போட்டால் கை போக வேண்டிய தூரம் பாதியாகிவிடுமாம். மணிக்கட்டை அசைத்தாலே போதுமாம். அவனுடைய நண்பன் காரில் போட்டுப் பார்த்திருக்கிறான்.

வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினோம். நண்பரையும் அழைத்து வந்து, வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி உட்காரவைத்திருந்தேன். அவர் புது ராடைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரேஷன்ல குடுத்தாங்களா தம்பி? அளந்து போட்ட மாதிரி கீதே."

"கிண்டல் பண்ணாதீங்க பெரியப்பா. போட்டப்புறம் பாருங்க."

என் மனைவி காபியுடன் வந்தாள். "கழட்டறதுக்கு முன்னாடி குடிச்சிடுங்க. அப்புறம் கையெல்லாம் கிரீஸ்னு டம்ளர நான்தான் புடிக்கணும்."

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கு கட்டைகளும் கொடுத்தோம். மகன் அடியில் படுத்தான். நான் உள்ளே அமர்ந்து ரப்பர் உறையைக் கழற்றி, ராடின் குண்டு அமரும் கிண்ணத்தைப் பிடித்திருந்த வளையத்தைக் குறட்டால் நெம்பினேன். கீழே போல்ட் துருவேறி நகர மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துருவிடம் அவசரப்படக் கூடாது என்பது பழகிய ஒன்று. போல்ட் இளகியதும் பழைய ராடு கையோடு வந்தது. இரண்டையும் மடியில் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதியதில் குண்டு மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே உள்ள பகுதி நீளம். மேலே கை பிடிக்கும் பகுதி குட்டை. எதற்காக இப்படி என்பது பார்த்தவுடன் விளங்கியது. கை குறைவாகப் போனாலும் அடிமுனை போதுமான தூரம் போகும். அவ்வாறு தூரம் குறையும்போது தள்ள வேண்டிய பலம் கூடும். கடப்பாரை பிடித்த எவருக்கும் தெரிந்த கணக்கு அது. இருந்தும், எட்டாத மூலை எட்டினால் போதும், பலத்தைப் பெருமாள் கொடுப்பான் என்று இருந்தேன்.

புதிய குண்டின் விளிம்பில் பிசிறு இருந்தது. அரத்தால் தேய்த்து, கிண்ணம் நிறையக் கிரீஸ் வைத்து, வளையத்தை அமுக்கினேன். கீழே அவன் போல்டை முறுக்கினான். பிறகு எழுந்து வந்து, நின்ற வண்டியில் கியரைப் போட்டுப் பார்த்தான். நறுக் நறுக்கென்று விழுந்தது. அவன் முகம் முழுக்கக் கறுப்பும் சிரிப்புமாக இருந்தது.

என் முறை வந்தது. முதல் கியரின் மூலை இப்போது அருகில் இருந்தது, கை எட்டியது. தள்ளினேன். ராடு நகரவில்லை. உடலையே முன்னே சாய்த்து அழுத்தியபோது விழுந்தது; விழுந்த கணத்தில் தோளிலிருந்து விரல்நுனிவரை நெருப்பு ஓடியது. மறுபடி முயன்றேன். மூன்றாம் முயற்சியில் கை பாதியிலேயே தளர்ந்துவிட்டது. மகன் ஜன்னலோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதையும் மறைக்கவில்லை.

"முடியலடா."

"புதுசுல டைட்டா இருக்கும்ப்பா. ஓட ஓட லூஸாயிடும்."

நண்பர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "வுடுங்க, நான் பாக்கறேன். தம்பியும் பின்னால குந்தட்டும். ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்."

மகன் வேண்டாம் என்றான், அவர் கேட்கவில்லை. ஜாக்கியை இறக்கிப் புறப்பட்டோம். தெருமுனைவரை எல்லாம் சரியாகவே இருந்தது. பஜார் சாலையின் இறக்கத்தில் கார் வேகம் பிடித்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்காக ஒருமுறை தட்டினேன். பழைய ராடில் அவர் கை போய்வந்த தூரம் அவருக்குள் அளவாகப் பதிந்திருந்தது. முன்னே, சற்று வலப்பக்கம், மறுபடி முன்னே. புதியதில் அந்த இடைவெளிகள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. வலப்பக்கம் தள்ளியதாக அவர் நினைத்தார்; ராடு அங்கே போகவில்லை. பலங்கொண்டு முன்னே அழுத்தினார். முதல் கியர் விழுந்தது. நான் கிளட்சை விட்டேன்.

கார் அலறி, உதறி, நடுச்சாலையில் நின்றது. அவருடைய மார்பு முன்பலகையில் மோதியது. பின்னால் ஒரு பஸ் மயிரிழையில் பிரேக் போட்டு நின்று ஹாரனை அலறவிட்டது. கண்டக்டர் தலையை நீட்டி, நகரச் சொல்லிக் கன்னடத்தில் "ஹோகி சாமி, ஹோகி!" என்று கத்தினார். நண்பருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமலுக்கு நடுவே மூச்சு திரும்புவதற்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம். மகன் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தான். பிறகு என்னை இறங்கச் சொல்லி, தானே காரை ஓட்டிவந்து வீட்டில் நிறுத்தினான்.

அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்தான். "பழைய ராடையே மாட்டிடறேன்ப்பா. அதுல நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் ஓட்டினீங்க. நான் கொண்டாந்த சாமான்தான் இதைக் கெடுத்துது" என்றான்.

பழைய ராடு ஒரு காகிதத்தின்மேல் கிடந்தது. மாட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மறுநாள் விடியலில் மறுபடி ஓதிக்கொண்டே போகலாம். எனக்கு அந்த ஆசை இருந்தது. ஆனால் நண்பரின் மார்பு பலகையில் மோதிய ஓசையும் கேட்டுக்கொண்டே இருந்தது. பழைய ராடிலும் ஒரு நாள் ஒரு விரல் பிசகலாம். பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்காமலும் போகலாம். அவரைப் பெருமாளிடம் கொண்டுபோகிறேன் என்ற பெயரில் அந்த மூச்சோடு விளையாட எனக்கு உரிமை இல்லை. சாவியை மகனிடம் கொடுத்தேன். அவன் வாங்க மறுத்தான். அவன் சட்டைப் பையில் போட்டேன்.

நண்பரிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஒரே ஒரு தரம் தப்பாயிடுச்சி. அதுக்குப் போயி..."

"உங்க நெஞ்சு அடிபட்டுதே அண்ணே."

"அடிபட்டா இன்னா? அவர பாக்காம இந்த மாசத்த எப்டிங்க ஓட்டறது?"

கம்பளியை அவர்மேல் இழுத்துவிட்டேன். பிறகு, என்னைத் திரும்பிப் பாராமலே, "நீங்க போவீங்க இல்ல?" என்று கேட்டார். போவேன் என்றேன். "அப்ப பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை மகன் அவரை ஊரிகத்தில் விட்டுவிட்டு, அப்படியே பெங்களூருக்குப் போனான். கழற்றாமல் விட்ட புது ராடு அவன் கைக்கு இதமாகவே இருந்தது. கார் அவனுக்கென்றே செய்ததுபோல் வளைவில் திரும்பி மறைந்தது.

மறுநாள் முதல் நடந்தேன். கோயிலில் என் அடியை ஓதினேன். ஏற்கும் வரிசையில் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். பொங்கல் பிரசாதத்தைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு ஊரிகத்துக்கு இறங்கினேன். நண்பர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதலில் கேட்டது இதுதான்: "இன்னிக்கி இன்னா மாலை?"

துளசி என்றேன்.

"துளசி எப்பவும்தான் கீது. அதுக்கு மேல?"

எனக்குத் தெரியவில்லை. வஸ்திரம் பச்சையா, மஞ்சளா என்றார். அதுவும் தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாமி, கண்ண மூடிகினு நின்னீங்களா?"

ஆம். தீபம் உயரும்போது கண்ணை மூடி, உள்ளே அவனைக் காண்பதே என் வழக்கம். வெளியே பார்ப்பது தொடக்கப் படி என்றும், மூடிய கண்ணில் தோன்றுவதே முதிர்ந்த காட்சி என்றும் எண்ணி வந்தவன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பிறகு வாசலில் அமர்ந்து நான் ஓர் அடி சொன்னேன். அவர் மூச்சு இருந்த அளவுக்கு அடுத்த அடியை ஏற்றார். மீதியை நான் முடித்தேன்.

அதற்கடுத்த நாள் தீபம் உயர்ந்தபோது கை பழக்கத்தில் குவிந்தது. இமை பழக்கத்தில் தாழ்ந்தது. அதை வலிந்து நிறுத்தினேன். சாமந்தியும் மருக்கொழுந்தும் கலந்து கட்டிய மாலை. அரக்குச் சிவப்பில் வஸ்திரம். கரையில் நூல் ஓரிடத்தில் பிரிந்திருந்தது. வலத் திருவடியின்மேல் ஒரு துளசி இலை தனியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒளி அணையும்வரை பார்த்தேன். பிறகு ஒன்றையும் தவறவிடாமலிருக்க அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஊரிகத்தை நோக்கி நடந்தேன்.