ஏழு டப்பா மணல்

அவள் ஜெயித்ததை வரிசையாகச் சொல்வதென்றால் முதலில் காலைத்தான் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் வலது கால் சூம்பிப்போனது. இனி நடக்க மாட்டாள் என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். மூன்று பேருமே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஒன்பது வயதில் சுவரைப் பிடித்து நடந்தாள், பத்து வயதில் சுவரை விட்டாள். அடுத்தது தார்ப்பாய்ப் பட்டறை. கனமான தையல் இயந்திரத்தை ஒற்றைக் காலால் ஓட்ட முடியாது என்று முதலாளி கையை விரித்தார். இடது காலாலேயே ஓட்டிக் காட்டினாள். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறாள். முப்பத்தெட்டு வயதில் பொது நீச்சல் குளத்துக்குப் போய், இடுப்புயரக் குழந்தைகளோடு வரிசையில் நின்று நீந்தக் கற்றுக்கொண்டாள். நாற்பதில் அண்ணன் வீட்டை விட்டு அடுத்த தெருவில் தனக்கென்று ஓர் அறை எடுத்தாள்.

ஜெயிக்காதது ஒன்று இருந்தது, எழுத்து. நடக்கத் தொடங்கிய வயதில் அவளைச் சின்னப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரம் போனாள். பிறகு எவ்வளவு கெஞ்சியும் போகவில்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் கட்டைவிரலை நீட்டுவாள். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அண்ணன் இருப்பான்.

அண்ணன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் வேலை. போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் அறைத் துணி எல்லாவற்றையும் கட்டுக் கட்டாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டுவான். பொருளின் பெயர், ஒரு கோடு, எண்ணிக்கை. முப்பது வருடத்தில் ஒரு கட்டுகூட அவன் கையில் தவறியதில்லை. அதே பழக்கத்தில் வீட்டிலும் ஒட்டுவான், அங்கே பொருளின் பெயருக்குப் பதில் அதற்கு உரியவரின் பெயர். தங்கையின் சாப்பாட்டு டப்பா, குடை, ஊன்றுகோல், மருந்துப் பெட்டி எதையும் விட்டதில்லை. "இவரை விட்டா என் நெத்தியிலயும் ஒட்டிடுவாரு" என்று அண்ணி, அதாவது அவன் மனைவி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தீவு ஆசை தங்கைக்குப் பட்டறையில் பிடித்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் படகுகளின் மேற்கூரைத் தார்ப்பாய்கள் தைக்க வரும். மடிப்பைப் பிரித்தால் தையலுக்குள்ளிருந்து மணல் கொட்டும். ஒன்று மாவு மாதிரி வெள்ளை, ஒன்று அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, இன்னொன்றில் முழுக்க உடைந்த சிப்பி. "இது எந்த ஊர் மண்ணுங்க?" என்று படகுக்காரர்களைக் கேட்டுக் கேட்டு, காலி நூல்கண்டு டப்பாக்களில் சேர்த்து வைத்தாள். எது எந்தத் தீவு என்று தெரிய, டப்பாவின் கழுத்தில் நூல் கட்டி முடிச்சுப் போட்டாள். முதல் தீவுக்கு ஒரு முடிச்சு, ஏழாவதற்கு ஏழு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஏழு டப்பாக்களையும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து பரப்பினாள்.

"அண்ணே, இந்த ஏழுலயும் கால வைக்கப் போறேன். இருபத்தோரு நாள். முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டேன்."

"யாரு கூட?"

"என் கூடத்தான்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். அவனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். பாலத்தில் பஸ் போனால் கண்ணை மூடிக்கொள்கிறவன். "படகு கவுந்தா?" என்று கேட்டான்.

"நீந்துவேன்."

"கால் இழுத்துக்கிச்சுன்னா?"

"கையால நீந்துவேன்."

"அவரு கேள்விய விட மாட்டாரு, நீ பதில விடாத" என்றாள் அண்ணி. "ஏங்க, உங்களையும் ஏத்திக்கிட்டாத்தான் படகுக்கு ஆபத்து. நீங்க அழுற அழுகையிலயே உள்ள தண்ணி ரொம்பிடும்."

தடுக்க முடியாது என்று தெரிந்ததும், தன்னால் முடிந்ததைச் செய்ய உட்கார்ந்தான். தங்கை டப்பாக்களை நகர்த்த நகர்த்த அவன் நோட்டில் எழுதினான். கறுப்பு மணல் தீவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் படகு. அதனால் நான்காவதாக இருந்த டப்பா இரண்டாவது இடத்துக்குப் போனது. சிப்பித் தீவில் தங்க இடமில்லை, காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். மற்ற ஒவ்வொரு தீவிலும் தங்கும் விடுதிக்குப் போன் போட்டான். பத்துப் பேர் படுக்கும் அறை, அடுக்குக் கட்டில். "கீழ்க் கட்டில் கண்டிப்பா வேணும், ஏற முடியாது" என்று சொல்லி வைத்தான். மறுநாளும் சொன்னான். மூன்றாம் நாள் ஒரு விடுதிக்காரர், "ஐயா, கட்டில் ஓடிப் போகாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவள் மணலில் நடந்து பழக வேண்டுமே என்று அவனுக்குப் புது யோசனை வந்தது. பட்டறைக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் கொட்டியிருந்த மணலில், வேலை முடிந்ததும் அவளை நடக்கச் சொல்லி ஓரமாக நின்று எண்ணினான். நாற்பது அடி போனால் வலது கால் புதைந்தது. நூறு அடியில் முகம் வியர்த்தது. அவள் நிற்கவில்லை. அவனால்தான் நிற்க முடியவில்லை, செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டான்.

முதுகுப்பையை அவளே தைத்திருந்தாள், கிழிந்த படகுக் கூரையின் நல்ல பகுதிகளை வெட்டி. அதை நிரப்பும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். மழைக்கோட்டு, மூன்று டார்ச், இரண்டு விசில், கயிறு, காலுக்குத் தைலம், வயிற்றுக்கு மாத்திரை, வாந்திக்கு மாத்திரை, அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அதற்கு ஒரு மாத்திரை. எல்லாவற்றிலும் சீட்டு. கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த தராசில் வைத்தால் பதினேழு கிலோ. தங்கை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எட்டு கிலோ ஆனதும் முதுகில் மாட்டிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"ஒரு டார்ச் போதும் அண்ணே. சூரியன் அங்கயும் வரும்."

பயணத்துக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் துறைமுக அலுவலகத்தில் படிவத்தை வாங்கி வந்தது அண்ணன்தான். பஸ்ஸில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தான். மூன்று கட்டங்களில் மாதிரிக் கையெழுத்து போட வேண்டும். ஒவ்வொரு தீவிலும் இறங்கும்போது பதிவேட்டில் அதே கையெழுத்தைப் போட வேண்டும். அடுத்த வரியில் அவன் கண் நின்றது. கைரேகை வைப்பவர்கள், எழுதத் தெரிந்த ஒருவரைத் துணையாக அழைத்து வர வேண்டும். தனியே அனுமதி இல்லை.

அந்த நிமிடம் அவனுக்கு வந்தது நிம்மதி. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய மாதிரி மூச்சு வந்தது. நாம் தடுக்கவில்லை, சட்டம் தடுக்கிறது. பஸ் பாலத்தில் ஏறியபோது அன்றைக்கு அவன் கண்ணைக்கூட மூடவில்லை.

படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவள் கேட்டபோது, "இன்னும் குடுக்கல" என்றான். மறுநாள் கேட்டபோது, "ஆள் லீவாம்" என்றான். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு கிடங்கில் போர்வை எண்ணும்போது இரண்டு முறை கணக்குத் தவறியது. படிவம் கொடுக்கக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. சட்டை மாற்றும்போதெல்லாம் படிவமும் பை மாறியது. அந்த நாள் கடந்துவிட்டால் போதும் என்று ஒரு மனம், கடந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு மனம். சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி துவைக்கப் போட்ட சட்டையின் பையைத் துழாவினாள். படிவத்தை எடுத்துப் பிரித்துப் படித்தாள். கூடத்தில் தங்கை டப்பாக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி அதைக் கொண்டுபோய் அவற்றின் நடுவே வைத்தாள்.

"என்ன அண்ணி இது?"

"உங்க அண்ணன்தானே எல்லாத்தையும் படிச்சுச் சொல்றவரு. அவரையே படிக்கச் சொல்லு."

அண்ணன் படித்தான். அந்த வரி வந்தபோது குரல் உள்ளே போய்விட்டது. தங்கை கேட்டுக்கொண்டே நான்கு முடிச்சு டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"எப்ப வாங்கின?"

"பத்து நாளாச்சு." பிறகு அவசரமாகச் சொன்னான்: "நான் வர்றேன்மா. துணைன்னு என் பேரைப் போட்டுக்கலாம். லீவு கேக்கறேன்."

"பாலத்துல கண்ண மூடறவன் கடல்ல இருபத்தோரு நாளும் மூடிக்கிட்டே வருவியா?" அவள் சிரிக்காமல் கேட்டாள். "பன்னெண்டு வருஷம் முன்னாடி, பேங்க்ல வச்சு எம்பேர எழுதிக் காட்டுன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா? 'நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு'ன்ன."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அன்று அதைப் பாசத்தில் சொன்னதாகத்தான் நினைத்திருந்தான்.

"நீ இருக்கறது நல்லதுதான் அண்ணே. ஆனா நீ இருக்கற இடத்துல மட்டும்தான் இத்தன வருஷமா நானும் இருக்கேன்." டப்பாக்களைப் பைக்குள் அடுக்கினாள். "கையெழுத்துதானே. செவ்வாய்க்கிழமை போவோம். நீ கூட வா, பேசாம வா."

எழுதவே தெரியாதவள் எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை முழுவதும் ஒரே காட்சி கண் முன் வந்தது. கவுன்டரில் பேனாவை வாங்குகிறாள், முதல் எழுத்திலேயே பேனா நின்றுவிடுகிறது, பின்னால் நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். முதல் வகுப்பில் அந்த ஒரு வாரமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை துறைமுக அலுவலகத்தில் நீளமான பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முன்னால் பதினொரு பேர். பேச அனுமதி இல்லாததால் அண்ணன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். தங்கை முதுகுப்பையை மடியில் வைத்து மேல் மடிப்பைத் திறந்து, அதன் அடியில் பொத்தான் போட்டு மூடியிருந்த உள்மடிப்பைப் பிரித்து, உள்பக்கத்தைப் பார்த்தாள். விரலால் எதையோ தடவினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

உள்பக்கம் முழுவதும் அவளுடைய பெயர். கெட்டித் தார்ப்பாயில் வெள்ளை நூலால் வரி வரியாகத் தைத்திருந்தாள். மேலே உள்ள வரிகளில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடந்தன. கீழே வர வர நிமிர்ந்தன. கடைசிப் பத்து வரிகள் அச்சு மாதிரி இருந்தன. சுழியும் வளைவும் யாருடையவை என்று அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் கை எழுத்து அது. குடையில், சாப்பாட்டு டப்பாவில், மருந்துப் பெட்டியில் இத்தனை வருடமாக அவன் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்து, பை தைத்த நாளிலிருந்தே தைத்து வந்திருக்கிறாள்.

குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தான். அப்போதுதான் வரிகளின் கடைசியைக் கவனித்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்ற எண். குடை ஒன்று, டப்பா ஒன்று என்று அவன் போட்ட கணக்கு. அதையும் தன் பெயரில் ஒரு பகுதி என்று நினைத்து நூறு முறை தைத்திருக்கிறாள்.

முன்னால் ஆறு பேர். இப்போது சொன்னால்? இத்தனை நாள் தைத்தது தப்பு என்று கவுன்டர் வாசலில் வைத்துச் சொல்வதா? சொல்லாவிட்டால் கவுன்டரில் உள்ளவர் சிரிப்பாரே. "இங்க பாரும்மா" என்று தொடங்கினான்.

"பேசாம வான்னு சொன்னேன்ல" என்றாள், கண்ணை எடுக்காமல். அவள் விரல் கடைசி வரியின் மேல் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நான்கு பேர். பிறகு இரண்டு. அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு யாரும் இல்லை.

கவுன்டரில் இருந்த பெண் அலுவலர் படிவத்தைப் புரட்டினார். "துணைக்கு யாருன்னு எழுதலையே?"

"யாரும் இல்லைங்க. தனியாப் போறேன்."

"அப்ப இந்த மூணு கட்டத்துலயும் போடுங்க."

தங்கை பேனாவை ஊசி பிடிப்பது போல நுனியில் பிடித்தாள். இடது கட்டைவிரலால், துணியை அழுத்துவது போலத் தாளை அழுத்திக்கொண்டாள். அண்ணன் மூச்சை விடவில்லை. முதல் கட்டத்தில் பேனா மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போனது. பெயர் முடிந்தது. கோடு. ஒன்று.

"இது என்னங்க, பேருக்குப் பின்னாடி ஒண்ணு?" என்றார் அலுவலர்.

தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொய் சொல்ல அவனிடம் இனி ஒன்றும் மிச்சம் இல்லை.

"அது பேரு இல்லம்மா. எண்ணிக்கை. எத்தன உருப்படின்னு நான் சீட்டுல போடறது. என் தப்பு."

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் படிவத்தைக் குனிந்து பார்த்தாள்.

"கையெழுத்து எப்படி வேணா இருக்கலாம்" என்றார் அலுவலர், குரலைத் தணித்து. "வேணும்னா புதுப் படிவம் தர்றேன். ஆனா எதைப் போடறீங்களோ, ஏழு தீவுலயும் அதேதான் போடணும். மாத்தினா எறங்க விட மாட்டாங்க. இன்னொன்னு, இங்க 'பயணிகள் எத்தனை பேர்'னு ஒரு கட்டம் இருக்கு, அதையும் நிரப்பல."

தங்கை அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். உதட்டின் ஓரம் லேசாக வளைந்தது.

"ஒரு ஆள்தானே போறேன்" என்றாள். "அண்ணன் சரியாத்தான் எண்ணியிருக்கு. இருக்கட்டும்."

காலிக் கட்டத்தில் ஒன்று போட்டாள். பிறகு இரண்டாவது கையெழுத்து. மூன்றாவதில் பேனா எங்கேயும் நிற்கவில்லை. அண்ணனுடைய வலது கை, சாட்சிக் கையெழுத்துப் போட்ட பழக்கத்தில், சட்டைப் பையிலிருந்த தன் பேனா வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

அலுவலர் முத்திரை குத்தி, அதன் கீழே தேதி எழுதினார்: 2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை.