கனகாம்பிகையின் ஈரலுக்குக் கோபம் வந்த வருடம்

சுன்னாகம் சந்தையில் கனகாம்பிகையோடு வாய் கொடுத்து வென்றவர் எவரும் இல்லை. வெங்காயத்தைக் கிள்ளிப் பார்த்தால் ஒரு ஏச்சு, பார்க்காமல் விலை கேட்டால் இன்னொரு ஏச்சு. லொறிக்காரர், தரகர், சந்தைக் குத்தகைக்காரர் என்று எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சீவரத்தினம் நேர்மாறான ஆள். புத்தூரில் தோட்டம் செய்பவர். வெங்காயத்தைக் கிண்டி, காயவைத்து, பிடி கட்டிக் கொண்டுவந்து மனைவியின் கடைவாசலில் இறக்குவார். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

நாற்பத்தொரு வயதில் கனகாம்பிகை சனசமூக நிலையத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போனாள். பக்கத்துக் கடைக் கேதீஸ்வரி முந்தின வருடம் இரத்தம் கொடுத்துவிட்டு, அதைச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்ததுதான் காரணம். சில வாரம் கழித்து இரத்த வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. நேரில் வரவேண்டுமாம்.

அங்கிருந்து அவளைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்பினார்கள். உதயகலா என்ற இளம் டொக்டர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

“அம்மா, உங்கடை இரத்தத்திலை ஹெப்பரைற்றிஸ் பி எண்ட வைரஸ் இருக்கு. ஈரலிலை குடியிருக்கிற கிருமி. அனேகமா நீங்கள் பிறக்கேக்கை தாயிட்டை இருந்து வந்திருக்கும்.”

கனகாம்பிகையின் தாய் ஐம்பதைக் காணாமலே வயிறு வீங்கிச் செத்தவள். செய்வினை என்று அப்போது ஊர் சொன்னது. கனகாம்பிகை டொக்டர் பக்கம் குனிந்தாள்.

“அப்ப இவ்வளவு காலமும் உது எனக்குள்ளை இருந்ததோ? எனக்கு ஒரு தலையிடி கூட வந்ததில்லையே.”

“குழந்தைப்பிள்ளையா இருக்கேக்கை வந்தபடியாலை, உங்கடை உடம்பு அதை வீட்டு ஆள் எண்டு நினைச்சுப்போட்டுது. அதோடை சண்டை பிடிக்கேல்லை. சண்டை இல்லாதபடியாலை வருத்தமும் தெரியேல்லை.”

கனகாம்பிகை நிமிர்ந்து இருந்தாள். “ஆர், என்ரை உடம்போ? சண்டை பிடிக்கேல்லையோ? பிள்ளை, நீங்கள் வேறை ஆற்றையோ ரிப்போட்டைப் பாத்துக் கதைக்கிறியள்.”

ரிப்போட் அவளுடையதுதான். அடுத்ததாக வீட்டாரையும் சோதித்தார்கள். மகள் கஜானிக்குக் குழந்தையில் போட்ட தடுப்பூசி காப்பாற்றியிருந்தது. சீவரத்தினத்தின் முடிவைப் பார்த்த டொக்டர் சிரித்தார்.

“ஐயா, உங்களுக்கும் இது ஒருக்கா வந்திருக்கு. ஆனா உங்கடை உடம்பு அடிச்சுக் கலைச்சிட்டுது. இனி வராது.”

சீவரத்தினம் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். “நானோ?”

“வளந்த ஆக்களுக்கு வந்தா, உடம்பு அனேகமா உடனை அடையாளம் கண்டு துரத்திப்போடும்.”

சீவரத்தினம் கொஞ்சம் யோசித்துவிட்டு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: “கலியாணம் கட்டின புதுசிலை ஒரு மாசம் சோறு இறங்காமல் சுருண்டு படுத்தனான். நீர் என்னைப் பஞ்சி பிடிச்ச சோம்பேறி எண்டு பேசினீர்.”

டொக்டர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை கனகாம்பிகை வாய் திறக்கவில்லை.

ஆனால் வாயை மூடி வைத்திருப்பது அவளுக்கு ஒத்துவராத வேலை. அடுத்த நாளே கேதீஸ்வரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேதீஸ்வரி “ஐயோ” என்றாள். பிறகு தான் இருக்கும் வாங்குப் பலகையைச் சற்றுத் தள்ளிப் போட்டாள். மத்தியானத்துக்குள் செய்தி மரக்கறிப் பக்கம், வாழைக்குலைப் பக்கம் எல்லாம் போய்விட்டது. வழக்கமாக வருகிறவர்கள் அவளுடைய கடையைத் தாண்டி நடந்தார்கள்.

அவள் வெங்காயச் சாக்கின் மேல் ஏறி நின்றாள்.

“எல்லாரும் கேளுங்கோ! எனக்கு ஈரலிலை வைரஸ் இருக்கு. தொட்டா வராது. வெங்காயத்தாலை வராது. ஒரு கோப்பையிலை தேத்தண்ணி குடிச்சாலும் வராது. இரத்தத்தாலை வரும், புருசன் பெண்சாதிக்குள்ளை வரும். உங்களிலை ஆருக்கும் நான் பெண்சாதி இல்லை. வெங்காயம் வேணுமெண்டவை வாங்கோ!”

சந்தை குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் அன்றைக்கே வந்தார்கள். கேதீஸ்வரியின் வாங்கு மட்டும் தள்ளிப்போட்ட இடத்திலேயே கிடந்தது.

இரண்டு வருடம் தவறாமல் கிளினிக் போய் வந்தாள். ஈரல் அமைதியாகவே இருந்தது. பிறகு ஒரு மாசி மாதம், வெங்காயம் மலையாகக் குவிந்திருந்த நேரத்தில் அவளுக்கு உடம்பு அசதியாக வந்தது. சாப்பாட்டு மணமே குமட்டியது. ஒரு நாள் வாங்க வந்த ஒருவர் வெங்காயத்தைக் கிள்ளுவதோடு நிற்காமல் உரித்தே பார்த்தார். கனகாம்பிகை ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கண்டு முதலில் பயந்தவள் கேதீஸ்வரிதான். எழும்பி வந்து அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள்.

“கனகம், உன்ரை கண் மஞ்சளாக் கிடக்கடி! செங்கமாரி!”

தன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓட்டோ பிடித்து அவளைத் தெல்லிப்பழைக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்கக் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் உதயகலா கட்டிலடியில் வந்து நின்றார். “அம்மா, உங்கடை உடம்பு முழிச்சிட்டுது. உள்ளுக்கை அடிபாடு நடக்குது.”

“வைரஸ் என்ரை ஈரலைத் தின்னுதோ?”

“வைரஸ் தானா ஒண்டும் பெரிசாச் செய்யிறேல்லை. அது ஒளிச்சிருக்கிற ஈரலின்ரை சின்னச் சின்னக் கலங்களை உங்கடை எதிர்ப்புப் படைதான் போட்டு அடிக்குது. அந்த அடியிலைதான் ஈரல் வீங்குது.”

கனகாம்பிகை தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தாள். பிறகு சொன்னாள்: “இப்பத்தான் அது என்ரை உடம்பு மாதிரிக் கிடக்கு. பிள்ளை, அளவோடை அடிக்கச் சொல்லுங்கோ.”

பகிடியாகச் சொன்னாளே தவிர, அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. போர்வைக்குள் கையை விட்டு அடிக்கடி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தாயின் வயிறு கண்ணுக்குள்ளேயே நின்றது.

டொக்டர் தினமும் விழுங்க ஒரு குளிசை தொடங்கினார். வைரஸ் பெருகாமல் அது அமத்தி வைக்குமாம். எதிரி குறைந்தால் அடிபாடும் தணியுமாம். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் ஏதோ இலைச்சாற்றைப் போத்தலில் கொண்டுவந்து நீட்டினார். “செங்கமாரிக்கு இதுதான் மருந்து, குடி பிள்ளை.”

“வேண்டாம்!” என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். சீவரத்தினம்! “ஈரல் ஏற்கெனவே புண்ணாக் கிடக்கு. டொக்டரைக் கேக்காமல் ஒண்டும் குடுக்கேலாது. போத்தலை எடுத்துக்கொண்டு போங்கோ.”

வந்தவர் போய்விட்டார். கனகாம்பிகை கணவரைப் புதிதாகக் கண்டவள் போலப் பார்த்தாள். அவர் வெட்கப்பட்டு, தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

சில வாரத்தில் கண் வெளுத்தது, சோறு இறங்கியது. ஒரு வருடம் தாண்டி எடுத்த சோதனையில் இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை.

“முழுக்கப் போயிட்டுதோ, பிள்ளை?”

“இல்லை அம்மா. ஈரலுக்குள்ளை எங்கையோ மூலையிலை ஒளிச்சிருக்கும். உங்கடை உடம்பு இப்ப அதை அமத்தி வைச்சிருக்கு, குளிசையும் உதவி செய்யுது. நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ.”

சந்தைக்கு அவள் திரும்பி வந்த பிறகு, லொறி ஓட்டும் பிரகாஸ் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கடைப்பக்கம் வந்தான். அவனுக்கும் இதே வைரஸாம். கலியாணம் பேசி முடித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

“அக்கா, சொன்னா விட்டிட்டுப் போயிடுவாளே?”

“சொல்லாமல் கட்டினா நான் உன்னை விடமாட்டன்” என்றாள் கனகாம்பிகை. “அவளையும் கூட்டிக்கொண்டு வா. நானும் கிளினிக்குக்கு வாறன்.”

பெண் விட்டுப் போகவில்லை. டொக்டர் சொன்னதை எல்லாம் கேட்டாள், கேள்விகள் கேட்டாள், அன்றைக்கே முதல் தடுப்பூசிக்குக் கையை நீட்டினாள். ஊசிகள் முடிந்து, அவளுடைய உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதென்று சோதனை சொன்ன பிறகு, ஆவணியில் கலியாணம் வைத்தார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் தாய் கனகாம்பிகையை ஒரு பக்கம் கூப்பிட்டாள். “தங்கச்சி, என்ரை பிள்ளைக்கு ஒண்டும் வராதே?”

“வராது அக்கா. அவளின்ரை உடம்புக்கு இப்ப ஆளைத் தெரியும், வந்தா துரத்திப்போடும். நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்தா அதுக்கும் ஊசி போடுவினம். நீங்கள் போய்ப் பந்தியைக் கவனியுங்கோ, அங்கை பாயசம் முடியுது.”