சண்முகத்தாய்க்குச் சொல்லாத ‘வாங்க’

செல்வலட்சுமி திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிசைன் பார்க்கிறாள். முருகன் வேல் கோணலாக இருந்தால் நிமிர்த்துவாள், ஆர்டர் கொடுத்த மளிகைக்கடைக்காரர் போட்டோவில் தலைமுடியை அடர்த்தியாக்குவாள். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமையானால் பிரெஞ்சு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் அரண்மனையில் யார் யாரோடு பேச்சை முறித்தார்கள் என்று படிப்பாள். வேறு யாராவது எழுதினால் அவள் படிப்பைப் புகழ்வார்கள். நான் அவள் வன்மத்தைப் பற்றி எழுதுகிறேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

நாங்கள் மூன்று பேர், விருதுநகரில் ஒன்றாக வரலாறு படித்தவர்கள். நான் அருணாதேவி, மருந்துக்கடையில் வேலை. மூன்றாமவள் ரோஷினி, பட்டாசுக் கம்பெனி முதலாளி மகள். செல்வலட்சுமியின் அம்மா சண்முகத்தாய் அதே கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். வாரா வாரம் ரோஷினி வீட்டு மாடியில் உட்கார்ந்து, அந்தக் காலத்து அரண்மனைப் பெண்கள் எழுதிய கடிதங்களைப் பிரெஞ்சிலேயே எழுத்துக் கூட்டிப் படிப்போம். பழக்கத்துக்காக எங்களுக்குள்ளும் பிரெஞ்சில் எழுதித் தபாலில் போட்டுக்கொள்வோம். என் கடிதத்தில் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து எனக்கே திருப்பி அனுப்புவாள் செல்வலட்சுமி. திமிர் பிடித்தவள்.

அந்தக் கடிதங்களில் எங்களுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. அந்த அரண்மனையில் பெரிய இடத்துப் பெண் முதலில் பேசாமல் சின்னவள் வாய் திறக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இளவரசிக்கு, அரசரின் ஆசைநாயகியைக் கண்டால் ஆகாது. முகம் கொடுத்துப் பேசவே மாட்டாள். ஒரு வார்த்தை பேசித் தொலை என்று அவளைப் பெற்றவள் ஊரிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். கடைசியில் ஒரு புத்தாண்டு நாளில், இளவரசி அந்த ஆசைநாயகி பக்கம் திரும்பி, ‘இன்றைக்கு இங்கே நல்ல கூட்டம்’ என்றாள். அவ்வளவுதான். ரோஷினி இதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தாள். நம்ம ஊரில் இதென்ன அதிசயம், வாசலில் வாங்க சொல்லாவிட்டால் ஏழு தலைமுறைக்குப் பகை என்றாள். அவள் வாயால் சொன்னதுதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஷினியின் அண்ணன் ஸ்ரீராம்குமாருக்குக் கல்யாணம் வந்தது. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு ரோஷினிதான் நின்றாள். என்னை வாங்க என்றாள், செல்வலட்சுமியை வாங்க என்றாள். நடுவில், மகளின் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்ற சண்முகத்தாயைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஆளிடம், லேபருக்குப் பந்தி பின்னால் என்று காட்டச் சொன்னாள். சண்முகத்தாய் பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. கை நனைக்காமல் பஸ் ஏறினாள். மறுநாளே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு செல்வலட்சுமி காரணம் கேட்டாள். ரோஷினி அகராதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லேபர் எல்லாருக்கும் நின்னு வாங்க சொன்னா விடிஞ்சிரும்டி. நீ வேற, அவுக வேற.”

எனக்கு அகராதியைத் தூக்கி அவள் தலையில் போடலாம் போல இருந்தது. செல்வலட்சுமி சரி என்று பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். உனக்குச் சூடு சொரணை இல்லையா என்று பஸ்ஸில் திட்டினேன். ஒரு தடவைதான் பதில் சொன்னாள்.

“எங்கம்மாவ அவ வாங்கன்னு கூப்பிடணும். கூப்பிட வைக்கேன். பொறு.”

ஒரு வருஷம் கழித்து செல்வலட்சுமி திருத்தங்கலில் சின்னதாக ஒரு வீடு கட்டினாள். பால்காய்ப்புக்கு ரோஷினி வீட்டுக்குத் தட்டோடு போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தாள். வெட்டப்போகிற கிடாய்க்கு மாலை போட்ட மாதிரிதான்.

ரோஷினி பட்டுச்சேலையில், கையில் வெள்ளிக் குத்துவிளக்கோடு காரிலிருந்து இறங்கினாள். வாசலில் செல்வலட்சுமி. அவளுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் வாங்க, பின்னால் வந்தவர்களுக்கும் வாங்க. ரோஷினிக்கு மட்டும் இல்லை. அழைக்காமல் நிலைப்படி தாண்ட எங்கள் பக்கத்தில் யாருக்கும் கால் வராது. வெயிலில் நின்றாள். தெருவே பார்த்தது. விளக்கை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். நல்லா வேணும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் செல்வலட்சுமி அவள் முகத்தைப் பார்த்து, தெளிவான பிரெஞ்சில், இன்றைக்கு இங்கே நல்ல கூட்டம் என்றாள்.

தெருவில் யாருக்கும் புரியவில்லை. ரோஷினிக்குப் புரிந்தது. மூஞ்சியில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து, யார் வந்திருக்கிறது என்று சண்முகத்தாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ரோஷினி பதறிப்போய், “வாங்கம்மா” என்றாள். அடுத்தவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வீட்டுக்காரியையே. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சண்முகத்தாய் சிரிக்கவில்லை.

“இது எங்க வீடு தாயி. அத உங்க வாசல்ல வச்சு சொல்லணும்.”

ரோஷினி திண்டாடிப்போய் விளக்கைத் தரையில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். கை நனைக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் எனக்குப் போன் செய்தாள். எங்கள் வாசலில் வைத்தே சொல்கிறேன், செல்வலட்சுமி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். மூன்று பேரும் பஸ்ஸில் விருதுநகர் போனோம். ரோஷினி பெரிய கேட்டைத் தானே திறந்துகொண்டு தெருவுக்கே வந்தாள். மேலே பால்கனியில் அவள் அம்மா, ஓரத்தில் வாட்ச்மேன்.

“வாங்கம்மா. உள்ள வாங்க.”

செல்வலட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்தாள். சண்முகத்தாய் கேட்டுக்கு உள்ளே தெரிந்த வீட்டை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். உள்ளேயிருந்து சாப்பாட்டு வாசனை வந்தது, இலை போட்டிருக்க வேண்டும்.

“கேட்டுட்டேன் தாயி. வாறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் நின்றாள்.

“ஏட்டி, பசிக்கி. எண்ணெய் பரோட்டா வாங்கிக் குடு.”

நாலு பரோட்டா சாப்பிட்டாள்.