பொம்மையின் முழங்காலில் வைத்த மச்சம்

எட்டாவதுக்கு மேல் படிக்காதவள் நான். பத்திரிகைக்கெல்லாம் எழுதலாமா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. தப்பாக நினைக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதம், விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையைத் திறந்து வைக்க ஒரு சீரியல் நடிகை வந்தார். அவர் நடிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பிடித்தது, போனில் அவர் போடும் படங்கள். சமையல், மாடித்தோட்டம், அவருடைய சின்னப் பெண். குழந்தையின் முகத்தை மட்டும் எப்போதும் ஒரு பூப்படத்தால் மறைத்திருப்பார். கண் பட்டுவிடும் என்று மறைக்கிறார் போல. அது சரிதான் என்றே எனக்கும் பட்டது, மற்றவர்கள் கண்ணுக்குத்தானே.

நான் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வர்ணம் தீட்டுகிறேன். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருப்பார். பெண்ணைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. முதுகைச் சுவரில் சாய்த்து அந்தப் படங்களைப் பார்ப்பேன். அதற்கும் சில வருடம் முன்னால், அந்த நடிகைக்குப் பிரசவமான வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

அவர் வருவது தெரிந்ததும் பட்டறையில் ஒரே கேலி. “என்னாக்கா, ஒங்க தங்கச்சி வராங்களாமே, கறி எடுக்கலியா?” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். நான் முதலாளியிடம் கேட்டுத் தவழும் குழந்தை பொம்மை ஒன்றை வாங்கி, சுருட்டை முடி தீட்டினேன். இடது முழங்காலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மச்சம் வைத்தேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றிருப்பேன். கடைக்குள் அவர் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது எப்படியோ பக்கத்தில் போய்விட்டேன். பொம்மையைக் கொடுத்தேன்.

“ஐயோ, ரொம்ப அழகா இருக்கேம்மா” என்று திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மச்சத்தைக் கண்டதும் அப்படியே நின்றார்.

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாப்பா திரும்பி நிக்கிற போட்டோ போட்டியே, அத பெருசாக்கிப் பாத்தேன் கண்ணு. ஸ்கூலு கூடத் தெரியும். பச்ச யூனிபாரம், பின்னால போர்டு இருந்துச்சு.” சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓரடி பின்னால் போனார். கூட வந்தவர்களைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. பொம்மையை என் கையிலேயே வைத்து, யாருக்கும் கேட்காத குரலில், “எம் பொண்ண விட்டுடுங்கம்மா” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூடத் தயங்குகிறவள் நான். என்னைப் பார்த்து அதுவரை யாரும் பயந்ததில்லை. சும்மா பார்ப்பதில் யாருக்கு என்ன கெடுதல் என்று இருந்துவிட்டேன். என்னிடம் கெஞ்சிய அந்த முகம், இன்றைக்கும் போனைக் கையில் எடுத்தால் முன்னால் வந்து நிற்கிறது.

மறுநாள் பார்த்தேன். குழந்தையின் படங்கள் எல்லாவற்றையும் அவர் எடுத்துவிட்டிருந்தார்.