இடம்புரிப் பேனா

சூரமங்கலத்தில் பேனா கடைந்து விற்கும் தீர்த்தகிரிக்குக் கைவேலை சுத்தம், வாய்தான் அடங்காது. ரயிலடிப் பக்கம் பட்டறை போட்டு, எபோனைட் என்ற கெட்டி ரப்பர்க் கோலைக் கடைந்து, மேலே அரத்தால் சுற்றுவரி இழைத்துக் கொடுப்பான். 1938இல் நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் செங்கோட்டையன், வக்கீல் மருமகனுக்குச் சீர்த்தட்டில் வைக்க ஒரு பேனா கேட்டார். வரி சங்கு மாதிரி வலம்புரியாக ஓட வேண்டும், கல்யாணக் காரியத்துக்கு இடம்புரி ஆகாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய இடத்து வேலை, அரம் எல்லாம் போதாது, கடைசல் எந்திரத்தில் மாட்டி வரி போடும் பல்சக்கரச் செட்டே வாங்கிவிடுவோம் என்று தீர்த்தகிரி சேலம் கடைவீதிக்குக் கிளம்பினான். கூடவே மச்சினன் கந்தவேலும் போனான். மனைவி குஞ்சம்மாளின் தம்பி; இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்; பேனாவைத் தேய்த்து மெருகேற்றுவது அவன் வேலை.

கடையில் இரண்டு செட் இருந்தன. ஒன்றில் நடுவே ஒரு சக்கரம் கூடுதல். அதைச் சேர்த்தால் வரி ஒரு பக்கம் ஓடும், எடுத்தால் மறுபக்கம் ஓடும். இன்னொன்று கச்சிதம், நல்ல பளபளப்பு; ஆனால் ஒரு பக்கம்தான் ஓடும். எந்தப் பக்கம் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. எதற்கும் கூடுதல் சக்கரம் உள்ளதையே எடுத்துக்கொள்ளலாம் என்றான் கந்தவேல். தீர்த்தகிரிக்குச் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் இவன் யார் யோசனை சொல்ல?

“கோலைத் திருப்பி மாட்டுனா வரியும் திரும்பிக்குது. தேய்க்கிறவன் தேய்க்கிற வேலையப் பாரு.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பளபளத்ததையே வாங்கிக்கொண்டு வந்தான் மகராசன்.

மாட்டி ஓட்டினான். வரி அழகாகத்தான் விழுந்தது, ஆனால் இடம்புரி. இன்னொரு கோலை முனை மாற்றி மாட்டினான். அதுவும் இடம்புரி. அட, முறுக்கிய கயிற்றைத் தலைகீழாகப் பிடித்தால் முறுக்கு மாறிவிடுமா? கையாலேயே வலம்புரி இழைக்கட்டும் என்று கந்தவேல் பழைய அரத்தை எடுத்து வந்து நீட்டினான். வாங்கினால் தோற்றதாகிவிடுமாம், தீர்த்தகிரி வாங்கவில்லை. வரி ஓடினால் போதும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

செங்கோட்டையன் பார்த்தார். பேனாவை வெளிச்சத்தில் உருட்டியவர் முகம் கறுத்து, இதை எப்படிச் சீரில் வைப்பது என்று கேட்டார்.

“கந்தவேல்தானுங்க இந்தச் செட்டே வேணும்னு நின்னான்” என்றான் தீர்த்தகிரி.

சொன்ன நொடியே உடம்பு கூசிப்போயிற்று. இல்லை என்று கந்தவேல் சொல்லிவிடுவானோ என்று பயந்தான்; சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்றும் இருந்தது.

கந்தவேல் வாசலைப் பார்த்தான். சோற்றுத் தூக்கோடு அக்காள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தவன், “ஆமாங்க, நாந்தானுங்க” என்றான்.

பண்ணையக்காரர் பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். குஞ்சம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சோறு போடும்போதே தம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமன் பேரைக் கெடுத்துவிட்டாயே, உன்னைப் பட்டறையில் சேர்த்ததே தப்பு என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தீர்த்தகிரி வாயைத் திறந்தான்.

“உடு புள்ள, தெரியாமச் செஞ்சுட்டான்” என்றுதான் வந்தது.

அக்காளின் ஏச்சுக்கெல்லாம் அசையாமல் சாப்பிட்டவன், அதைக் கேட்டதும் பாதிச் சோற்றில் கைகழுவ எழுந்துவிட்டான்.